அம்மி கொத்துகிறவரின் மகன் எடக்கல்லில் பார்த்தது

"இது உளி பட்ட கல்லு இல்ல கண்ணு."

வயநாட்டு எடக்கல் குகைக்குள் நுழைந்து, பழங்காலச் செதுக்கல்கள் நிறைந்த சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு அப்பா சொன்ன முதல் வார்த்தை இதுதான். எனக்கு அப்போது பதினோரு வயது. கூட வந்தவர்கள் எல்லாம் "அது ராஜா, அது மான், அது வண்டிச்சக்கரம்" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா உருவத்தைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கன்னம் பாறையில் பட்டுவிடுமோ என்கிற அளவுக்கு நெருங்கி, ஒரு கோட்டின் ஓரத்தையும் அடியையும் பார்த்தார். அது போகிற வழியிலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு போனார்.

அப்பாவுக்குத் தொழில் அம்மி கொத்துவது. எங்கள் ஊர் எருமாடு. நீலகிரியில் பந்தலூர் தாலுகாவின் ஓரம். தாளூர் செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். தாத்தா காலத்தில் கொங்குப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள். சாக்குப்பையில் நாலு உளி, ஒரு சுத்தியல், ஒரு சொம்பு, இவ்வளவுதான் அப்பாவின் பட்டறை. சேரம்பாடி, பந்தலூர் எஸ்டேட் லயன்களில் ஒரு வாரம், சுள்ளியோடு, அம்பலவயல், பத்தேரிப் பக்கம் ஒரு வாரம் என்று நடப்பார். தமிழ்நாட்டுப் பக்கம் "அம்மி கொத்தலீங்களா, ஆட்டுக்கல் கொத்தலீங்களா" என்று குரல் கொடுப்பார். எல்லை தாண்டினால் அதையே மலையாள இழுவையில் சொல்லுவார். மிக்ஸி வந்து அந்தக் குரலை அடக்கிவிட்டது. அது வேறு கதை.

அம்மி கொத்துவதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரைத்து அரைத்துக் கல் வழுவழுத்துப் போகும். மிளகாய் வழுக்கும், மசியாது. அப்போது கல்லின் முகம் முழுவதும் சின்னச் சின்னக் குழியாகப் பொளிய வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அளவு விசையில், வரிசை பிசகாமல் போக வேண்டும். ஒரு அடி கூடினால் கல் தெறிக்கும், ஒரு அடி குறைந்தால் குழி நிற்காது. முடித்ததும் தவிட்டைப் போட்டு இரண்டு தரம் அரைத்துக் கழுவி ஊற்றினால்தான் கல்பொடி போகும். அப்பா கொத்திய அம்மியையும் இன்னொருவர் கொத்திய அம்மியையும் பக்கத்தில் வைத்தால் நானே பிரித்துச் சொல்லிவிடுவேன். அப்பாவின் குழி வலப்பக்கம் லேசாக இழுபட்டிருக்கும். அவர் இடதுகைக்காரர்.

பாறைச் செதுக்கல்கள் பற்றி நான் படித்ததை எல்லாம் இந்த ஒரு விஷயத்தோடு சேர்த்துத்தான் படித்தேன். கல்லில் இருக்கும் உருவம் என்ன சொல்கிறது என்பது அப்புறம். அந்தக் கோட்டை எது போட்டது, எந்தக் கை, எந்தப் பக்கமிருந்து, எத்தனை தடவையில் என்பது முதலில். உருவத்துக்கு அர்த்தம் சொல்லும்போது ஆளுக்கு ஆள் மாறுவோம். குழியின் வடிவம் அப்படி மாறாது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எடக்கல் என்பது வயநாட்டில் அம்பலவயலுக்குப் பக்கத்தில் அம்புகுத்தி மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட கல், அதனால் எடக்கல். தமிழ்க்காதுக்கு விளக்கமே வேண்டாம். அம்புகுத்தியும் அப்படித்தான். குசலவர் விட்ட அம்பு குத்தி மலை பிளந்தது என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். குகை என்று எல்லோரும் சொன்னாலும் அது குகை அல்ல. மலையில் ஒரு பெரிய பிளவு, அதன் தலையில் ஒரு பாறை வந்து விழுந்து கூரை மாதிரி உட்கார்ந்துவிட்டது. உள்ளே நூறடிக்குச் சற்றுக் குறைவான நீளம், 22 அடி அகலம். மேலே இடுக்கு வழியாக வெளிச்சம் இறங்குகிறது. இரண்டு பக்கச் சுவரிலும் கோடுகள். ஆள் உயரம் வரைக்கும், அதற்கு மேலும், ஒன்றன்மேல் ஒன்றாக, பின்னிப் பிணைந்து. தலையில் ஏதோ அணிந்த மனித உருவங்கள், விலங்குகள், சக்கரம், கட்டங்கள், எதிலும் சேராத வளைவுகள்.

இதை எழுத்துலகத்துக்குச் சொன்னவர் ஃபிரெட் ஃபாசெட். மலபார் மாவட்டத்தின் போலீஸ் சூப்பிரண்டு. 1890களில் வயநாட்டுக்கு வந்தவர், காலின் மெக்கன்சி என்ற காப்பித் தோட்டக்காரரின் எஸ்டேட்டில் கிடைத்த ஒரு புதிய கற்காலக் கற்கோடரியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் பிறகுதான் எடக்கல்லுக்குப் போனார். 1901இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் கட்டுரை எழுதினார். அந்தச் சுவரைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது, இவை கற்கோடரியால் இழைத்த கோடுகள் என்று. போலீஸ்காரர் உருவத்தை விட்டுக் கருவியைத் தேடியிருக்கிறார். எங்கள் அப்பாவும் அதையேதான் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

ஃபாசெட்டின் கண் அதற்கு முன்பே பழகியிருந்தது. பெல்லாரிப் பக்கத்தில், இன்று பள்ளாரி என்கிறார்கள், குப்கல் மலையில் இருக்கும் செதுக்கல்களைப் பற்றி அவர் 1892இலேயே எழுதியிருக்கிறார். அந்த மலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடக்கல்லில் எனக்குப் புரியாத பலதைப் புரியவைத்தது குப்கல்தான்.

குப்கல்லில் கிரானைட் மலையை வெட்டிக்கொண்டு டோலரைட் என்ற கருங்கல் ஒரு சுவர் மாதிரி ஓடுகிறது. அந்தக் கரிய கற்களின் முகத்தில் ஆயிரக்கணக்கில் உருவங்கள். பெரும்பாலும் மாடுகள், நீண்ட கொம்போடு, திமிலோடு. அவை ஆழமாக வெட்டியவை அல்ல. கல்லால் கல்லை மேலாகச் சிராய்த்தவை. டோலரைட்டின் மேல்தோல் கறுப்பு, கொத்துப்பட்ட இடம் வெளிர்சாம்பல். மேல்தோலைத் தட்டிப் பெயர்த்தாலே போதும், உருவம் வெளிறித் தெரியும். ஆழம் வேண்டியதே இல்லை. பிறகு மழையிலும் வெயிலிலும் அந்த வெளிறல் மெல்ல மெல்லக் கறுத்து, பாறையின் நிறத்துக்கே திரும்பும். ஆகவே கறுத்துப் போன மாடு பழையது, பளிச்சென்று தெரிகிற மாடு பிந்தையது. வருஷக் கணக்கு இதில் வராது. முன்னது எது, பின்னது எது என்ற வரிசை வரும். ஆராய்ச்சியாளர்கள் அந்த வரிசையைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே டோலரைட்டை உடைத்துத்தான் அந்த மலையடிவாரத்துச் சங்கனக்கல்லு மக்கள் கற்கோடரி செய்தார்கள். தென்னிந்தியப் புதிய கற்காலத்தின் பெரிய கோடரிப் பட்டறைகளில் ஒன்று அது. கற்கோடரி செய்கிற முறையைப் பாருங்கள். முதலில் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவம் கொண்டுவருவார்கள். பிறகு இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி மேடு பள்ளத்தைச் சமன் செய்வார்கள். பிறகு மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். கடைசியில் மெருகு. கொத்துவது, தேய்ப்பது, இரண்டும் கைக்குப் பழகிவிட்ட ஒருவனுக்குப் பாறையில் ஒரு கோடு போடுவது புது வித்தையே அல்ல. அவன் தினமும் செய்கிற வேலை. எடக்கல்லில் நின்று ஃபாசெட் கோடரியை நினைத்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, உளி பட்ட கல் இல்லை என்று அப்பா எப்படிச் சொன்னார்? அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் கேட்டேன். ஆட்டுக்கல்லைப் புரட்டிப் போட்டுக் காட்டினார். இரும்பு உளியின் குழி சின்னதாக, கூர்மையாக, ஆழமாக இருக்கும். ஓரம் வெட்டியது மாதிரி நிற்கும். உளியைச் சாய்த்தால் குழிக்கு ஒரு வால் இழுபடும். வரிசை ஒழுங்காகப் போகும். கல்லால் கொத்தினால் குழி அகலமாக, மேலாக, வட்டமாக இருக்கும். ஓரம் நொறுங்கியிருக்கும். குறி தவறிய அடிகள் கோட்டுக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கும். அப்படிக் கொத்தியதைத் தேய்த்தும் விட்டால் பள்ளத்தின் அடி ஓடை மாதிரி வளைந்து வழுக்கும். "அங்க பாத்த கோடு அப்படித்தான் இருக்குது. வாய்க்கா மாதிரி. உளின்னா அடி கூரா நிக்கும்."

பல வருஷம் கழித்து இந்தத் துறைக் கட்டுரைகளைப் படித்தபோது, பள்ளத்தின் குறுக்குவெட்டு வடிவம், கொத்துக்குழியின் அளவு, ஓரத்தின் நொறுங்கல், சிதறிய அடிகள் என்று அதே நாலு விஷயத்தை உருப்பெருக்கியும் அளவுகோலுமாக அவர்கள் பார்க்கிறார்கள் என்று கண்டு எழுந்து போய் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பின்ன வேற எப்பிடிப் பாக்கறது" என்றார்.

ஒரு சந்தேகத்தையும் அவரே கிளப்பினார். உளி இருக்கிறவனும் கல்லால் கொத்தலாம். இது முக்கியமான இடம். கல்லால் கொத்திய தடயம் இருந்தால் கற்காலம் என்று முடித்துவிட முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குக்கு கி.மு. 2172 என்று, கரியை வைத்து வயது பார்க்கும் கரிமக் கணிப்பு வந்ததை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை முன்பே இரும்பு புழங்கிய நாடு இது. இரும்பு வந்தபின்னும் கல் பக்கத்திலேயே கிடந்தது, காசும் கேட்கவில்லை. ஆகவே கோட்டின் வடிவம் கருவியைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது.

காலத்தைச் சொல்வதுதான் இந்தத் துறையின் பெரிய கஷ்டம். ஓவியமாக இருந்தால் வண்ணத்தில் கரியோ மெழுகோ பிசினோ கலந்திருக்கலாம், அதை எடுத்துக் கரிமக் கணிப்பு செய்யலாம். செதுக்கலில் ஒன்றும் சேர்க்கவில்லை. இருந்த கல்லை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இல்லாமல் போன கல்லுக்கு எப்படி வயது பார்ப்பது? அதனால் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். எந்தக் கோட்டை எந்தக் கோடு வெட்டிப் போகிறது, நிறம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, அதே இடத்தில் மண்ணுக்குள் என்ன கிடைக்கிறது, செதுக்கலை மூடிய மண்படிவம் எந்தக் காலத்தது என்று பார்க்கிறார்கள். கொத்தியபோது உடைந்த படிகங்களின் கூர்முனை காலப்போக்கில் எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளக்கும் முறையையும் ராபர்ட் பெட்னாரிக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் வளர்த்தெடுத்தார். எடக்கல்லுக்கு 6,000 ஆண்டு, 8,000 ஆண்டு என்று இணையத்தில் எண்கள் ஓடுகின்றன. அவை அந்தக் கோட்டையே அளந்து வந்த எண்கள் அல்ல. புதிய கற்காலம் என்று சொல்லும் ராஜன் குருக்கள், எம்.ஆர். ராகவ வாரியர் போன்ற அறிஞர்களும் உருவ அமைப்பு, செதுக்கிய முறை, அக்கம்பக்கத்தில் கிடைத்த கற்கருவி இவற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள். அது நியாயமான வழி. அதை முழு எண்ணாக்கிப் பலகையில் எழுதுவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

2009இல் ராகவ வாரியர் அங்கே 'ஜாடி ஏந்திய மனிதன்' உருவம் ஒன்று சிந்துவெளிக் குறியீட்டை ஒத்திருப்பதாக அறிவித்தபோது எங்கள் பக்கத்து டீக்கடையில்கூட அது பேச்சாகிப் போனது. ஒற்றுமை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நானூறு கோடு பின்னிக் கிடக்கிற சுவரில் எந்த நாலு கோட்டைச் சேர்த்து ஓர் உருவம் என்கிறோம் என்பதை முதலில் கருவித் தடத்தால் நிறுவ வேண்டும். ஒரே கை, ஒரே ஆழம், ஒரே தேய்மானம் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேகத்தில் யானை பார்க்கிற மாதிரிதான்.

அந்தச் சுவரில் எழுத்தும் இருக்கிறது. ஃபாசெட் அனுப்பிய எழுத்தின் பிரதிகளைச் சென்னை மாகாணத்தின் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் படித்து, விஷ்ணுவர்மன் என்ற பெயரைச் சொன்னார். பின்னாளில் ஐராவதம் மகாதேவன் அங்கேயுள்ள தமிழ்-பிராமி எழுத்துகளைப் படித்தார். ஒன்றில் "கடும்மி புத சேர" என்று சேரர் பெயர் வருகிறது. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், இன்று மலையாளம் பேசும் மலையில், தமிழ்-பிராமியில் சேரர் பெயர். இதை நினைத்தால் தாளூர் செக்போஸ்ட் எனக்குச் சின்னதாகத் தெரியும். எழுத்து வெட்டியவன் வந்தபோது அந்த உருவங்கள் அவனுக்கே பழசாக இருந்திருக்க வேண்டும். அவனும் அண்ணாந்து பார்த்திருப்பான்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயது. கடனில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கியிருந்தேன். எடக்கல்லைப் படம் எடுக்க ஆசைப்பட்டு முதல் தடவை போனபோது ஃப்ளாஷ் அடித்து எடுத்தேன். கழுவி வந்த படத்தில் பாறை ஒரு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது, ஒரு கோடும் இல்லை. இரண்டாம் தடவை சட்டைப்பையில் சாக்பீஸ் கொண்டுபோனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு உருவத்தின் கோட்டுக்குள் சாக்பீஸைத் தேய்த்தேன். இரண்டு ஜாண் தூரம் போயிருப்பேன். "நீ எந்தா ஈ காணிக்குன்னது?" என்று பின்னால் குரல். என்ன காரியம் பண்ணுகிறாய் என்று. காவலாளி, அறுபது வயது இருக்கும். கையை ஓங்கவில்லை. என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு, தன் தோள் துண்டைக் கீழே விரித்து உட்கார்ந்து, "மோனே, இது வரச்சவன் வந்நு சோதிச்சால் ஞான் எந்து பறயும்?" என்றார். இதை வரைந்தவன் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாக்பீஸ் தேய்ப்பது அந்தக் காலத்தில் ஆய்வாளர்களே செய்த காரியம்தான், உலகம் முழுக்க. படத்தில் தெளிவாக விழும் என்று செய்தார்கள். அதில் இரண்டு கேடு. பொடி குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டால், பிற்பாடு நுண்ணோக்கியில் பார்க்கவோ மாதிரி எடுக்கவோ முடியாதபடி அந்த இடம் கெட்டுப்போகிறது. அதைவிடப் பெரிய கேடு, எது கோடு, எது இயற்கை வெடிப்பு என்று சாக்பீஸ் பிடித்த கை முடிவு செய்துவிடுகிறது. அதற்குப் பின் வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கையின் கண்ணால்தான் பார்க்கிறார்கள். நான் தேய்த்த இரண்டு ஜாணில் பாதி வெறும் வெடிப்பு என்று இப்போது எனக்குத் தெரியும்.

எழுத்துக்கு மைப்படி எடுப்பது வேறு முறை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். நம் கல்வெட்டுகள் எல்லாம் அப்படித்தான் அச்சேறின. கரடுமுரடான பெரிய சுவருக்கு அது ஒத்துவராது. அதனால் பாலித்தீன் தாளைப் பாறைமேல் தொங்கவிட்டு மார்க்கர் பேனாவால் கோட்டை எடுத்தார்கள். அங்கேயும் கை நடுவில் வருகிறது. இன்று தொடாமலே எடுக்கிறார்கள். அந்த இடத்தில்தான் என் தொழிலும் வந்து சேர்ந்தது. நான் இப்போது கூடலூரில் கல்யாணப் படம் எடுக்கிறேன்.

கல்யாண வீட்டில் பட்டுச்சேலையின் சரிகை வேலை படத்தில் எழும்ப வேண்டுமானால் விளக்கை நேரே வைக்கக் கூடாது. பக்கவாட்டில், துணியைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிழல் விழும். பாறைக்கும் அதேதான். சாய்வொளி என்பார்கள். வெளிச்சம் பாறையோடு பாறையாக உரசிப் போகும்போது அரை மில்லிமீட்டர் பள்ளம்கூடக் கறுத்துத் தெரியும். அன்று அப்பா கன்னத்தைப் பாறைக்குப் பக்கத்தில் சாய்த்ததும் இதற்குத்தான்.

ஆனால் ஒரு பக்கத்து வெளிச்சம் ஒரு பக்கத்துக் கோட்டைத்தான் காட்டும். வெளிச்சம் வருகிற திசையிலேயே ஓடும் கோடு மறைந்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி வைத்து ஐம்பது, அறுபது படம் எடுக்கிறார்கள். கணினி அதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிடும். பிறகு திரையில் விரலால் வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்திப் பார்க்கலாம். சூரியனைக் கையில் பிடித்துத் திருப்புகிற மாதிரி. இன்னொரு முறையில், விளக்கை விட்டுவிட்டுக் கேமராவை நகர்த்தி, ஒன்றோடொன்று கவிகிற நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, சுவரின் முப்பரிமாண வடிவத்தையே உண்டாக்குகிறார்கள். அதில் பள்ளத்தின் ஆழத்தை அளக்கலாம், குறுக்காக வெட்டிப் பார்க்கலாம், இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் எது எதன் ஓரத்தைத் தின்றிருக்கிறது என்று பார்க்கலாம். பாறையை ஒரு விரல்கூடத் தொட வேண்டியதில்லை.

செய்து பார்க்காமல் எதுவும் முழுசாக விளங்காது என்பது அப்பாவின் கட்சி. ஆராய்ச்சியாளர்களின் கட்சியும் அதுதான். மத்தியப் பிரதேசத்துத் தராக்கி-சட்டான் குகையில் பாறையில் கொத்திய வட்டக்குழிகள் ஐந்நூறு அளவில் இருக்கின்றன. கிரிராஜ் குமார் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதே மாதிரி குவார்ட்சைட் என்ற கடினமான பாறையில், கல்லை மட்டும் வைத்துக் கொத்திப் பார்த்தார்கள். முதல் குழிக்கு 72 நிமிஷத்தில் 8,490 அடி. கிடைத்த ஆழம் 1.9 மில்லிமீட்டர். அதற்குள் கொத்தியவர் ஓய்ந்துபோனார்.

இந்த எண்ணை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு. எழுந்துபோய்ப் பின்கட்டில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல்லைப் புரட்டி வைத்தார். ஓடையிலிருந்து முட்டி அளவு வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் கல், ஒன்று எடுத்துவரச் சொன்னார். விரல் நீளத்துக்குக் கரியால் ஒரு கோடு கிழித்துக் கொடுத்து, "கொத்து" என்றார்.

முதல் நூறு அடியில் ஒன்றுமே நடக்கவில்லை. கரிக்கோடு வெளுத்தது, அவ்வளவுதான். பிறகு வெள்ளைப் பொடி எழும்ப ஆரம்பித்தது. வெங்கச்சங்கல்லின் முனையும் நொறுங்கிக்கொண்டே வரும், அதனால் இருபது முப்பது அடிக்கு ஒரு தரம் கையில் திருப்பிப் பிடிக்க வேண்டும். "மாத்திப் புடி, மாத்திப் புடி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மணிக்கட்டு இறுகியதும் அடி தானாகக் கோட்டை விட்டு விலகியது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் நகத்தின் கனத்துக்கு ஒரு சொரசொரப்பான தடம், இரண்டு பக்கமும் தவறி விழுந்த அடிகளின் அம்மைத்தழும்பு. அப்பா ஆற்றுமணலை அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்து, இன்னொரு கல்லால் அதே தடத்தில் முன்னும் பின்னும் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் தடத்தின் அடி வழுவழுத்து வந்தது. விரலை வைத்தால் வாய்க்கால். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு வயதில் அவர் சொன்ன அதே வாய்க்கால்.

எடக்கல்லில் ஆள் உயரக் கோடுகள் இருக்கின்றன. ஒரு விரல் நீளத்துக்கே என் கை வீங்கிவிட்டது. அந்தச் சுவர் ஓர் ஆளின் ஒரு நாள் வேலை அல்ல. பல கை, பல வருஷம், அநேகமாகப் பல தலைமுறை. யாரோ சோறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். யாரோ கல் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உயரத்தில் கொத்துகிறவனை யாரோ தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். குப்கல்லில் சில உருவங்கள் ஏறவே முடியாத இடத்தில் இருப்பதாகவும், செதுக்கியவன் மேலிருந்து தொங்கியபடி கொத்தியிருக்க வேண்டும் என்றும் அங்கே ஆய்வு செய்த தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் எழுதியிருக்கிறார்.

அந்த ஆய்வில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. குப்கல்லில் சில டோலரைட் பாறைகளில் வழுவழுத்த குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளில் இன்னொரு கல்லால் தட்டினால் பாறை மணியோசை போல ஒலிக்கிறது. படம் கொத்துகிற இடமும் ஓசை எழுப்புகிற இடமும் ஒன்று. பாய்வின் 2004இல் 'ஆண்டிக்விட்டி' இதழில் அதை எழுதியபோது குவாரிக்காரர்கள் அந்த மலையைத் தின்றுகொண்டிருப்பதையும் சேர்த்து எழுதினார். எங்கள் பக்கத்துக் குவாரி வெடி கேட்டு வளர்ந்தவன் நான். வெடித்துப்போன பாறையில் எதுவும் இருந்ததா என்று திரும்பிப் பார்க்க வழியே கிடையாது. இதற்காகவாவது, செதுக்கல் இருக்கும் மலைகளை வேகமாக அளந்து படமெடுத்து வைத்தாக வேண்டும். எடக்கல்லை விடுங்கள், அங்கே டிக்கெட் இருக்கிறது, காவல் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளித் தொவரிமலையில் இதே மாதிரிச் செதுக்கல்கள் உண்டு, அங்கே போகிறவர் எத்தனை பேர்? விழுப்புரம் மாவட்டத்துப் பெருமுக்கல்லை எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்லைத் தட்டிப் பார்ப்பது நம் சிற்பிகளுக்குப் புதிது இல்லை. தட்டினால் கணீரென்று வெண்கல மணி போல ஒலிப்பது ஆண்கல், தாளம் போல இனிமையாக ஒலிப்பது பெண்கல், ஓசை இல்லாதது மூன்றாம் வகை என்று பிரிப்பார்கள். அப்பாவும் புது அம்மிக்குக் கல் எடுக்கும்போது முதலில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார். பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு. அந்தக் கல்லைத் தொடமாட்டார்.

போன தை மாதம் மறுபடி எடக்கல் போனேன். திங்கட்கிழமை அடைப்பு, அதனால் செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு முட்டிவலி, படியேற முடியாது. கீழே கடையில் சாயா குடித்துக்கொண்டு இருந்தார். இடுக்கு வழியாக வெயில் இறங்கிச் சுவரைத் தடவுகிற நேரத்துக்குக் காத்திருந்து, ஃப்ளாஷ் இல்லாமல் போனில் எடுத்தேன். நான் சாக்பீஸ் தேய்த்த இடத்தையும் தேடினேன். வெள்ளை இல்லை. மழைக்காற்றின் ஈரம் கழுவியிருக்கலாம், குழிக்குள் ஆழத்தில் இன்னும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்து போனை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு கோடு சந்திக்கும் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "குறுக்க வர்றது பின்னால போட்டது. பாரு, முதல் கோட்டோட ஓரம் இங்க சிதைஞ்சிருக்குது." பிறகு அந்தக் குறுக்குக்கோட்டிலேயே கொஞ்சம் கீழே வந்து, தடம் லேசாக ஒதுங்கி மறுபடி ஆரம்பிக்கிற ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க நிறுத்தியிருக்கான். மூச்சு வாங்கிட்டு, நின்ன இடம் மாறி வந்து புடிச்சிருக்கான்."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் கல்லு தட்டுனா எப்படிச் சத்தம் குடுக்குது?"

"தட்டக் கூடாதுப்பா."

"ஆமா, தட்டக் கூடாது" என்றார். சாயா கிளாஸை வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.